மூன்று நிமிட ராமென்: சமைப்பதும் ரசிப்பதும்

ராமென் பாக்கெட்டைப் பிரித்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது மசாலாத்தூளைத்தான். ருசி முழுவதும் அந்தச் சின்னப் பையில் இருப்பதாக எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராமெனின் உயிர் நூடுல்ஸில் இருக்கிறது. அது குழைந்துவிட்டால் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் பயனில்லை.

ராமென் நூடுல்ஸுக்குக் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு தவிர 'கன்சுய்' என்று ஒன்று வேண்டும். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகள்தான் அது. நம் வீட்டு ஆப்ப சோடாவின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மாவுக்கு வெளிர்மஞ்சள் நிறத்தையும் இழுவையையும் கொடுப்பது அதுவே. அடுத்த முறை சாப்பிடும்போது சூப்பில் கை வைக்குமுன் ஒரே ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மேலே வழுவழுப்பு, நடுவில் லேசான எதிர்ப்பு, கடித்ததும் பட்டென்று அறுபடும் தன்மை. இந்த மூன்றும் இருந்தால் பதம் சரி.

ராமென் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, அதில் மெல்லிய ஸ்பகெட்டியை வேகவையுங்கள். நுரைத்துப் பொங்கும் என்பதால் பெரிய பாத்திரமாக இருக்கட்டும். வெந்த தண்ணீரைச் சூப்புக்குப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். நிறம், மணம், இழுவை மூன்றும் ராமெனுக்கு வியக்கத்தக்க அளவு அருகில் வரும்.

உடனடி ராமெனைத் தந்தவர் மொமொஃபுகு ஆண்டோ. ஒசாகாவுக்குப் பக்கத்தில் உள்ள இக்கேதா ஊரில், வீட்டுக்குப் பின்னால் போட்ட கொட்டகையில் உழைத்து, 1958 ஆகஸ்ட் 25இல் 'சிக்கன் ராமென்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மனைவி தெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி புலப்பட்டது. சூடான எண்ணெயில் போட்டதும் நூடுல்ஸின் ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. அது போன இடமெல்லாம் நுண்துளைகள். பிறகு வெந்நீர் ஊற்றும்போது அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே புகுந்து, சில நிமிடங்களில் நூடுல்ஸ் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சிக்கன் ராமெனில் தனித் தூள் பை கிடையாது; சுவை நூடுல்ஸிலேயே ஏறியிருக்கும். இன்று விற்பதில் மேலே ஒரு குழி இருக்கும், பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவதற்கென்றே.

இனி அடுப்பு. ஜப்பானிய பாக்கெட்டுகள் பெரும்பாலும் 500 மில்லி தண்ணீர் கேட்கும். கண் மதிப்பாக ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். நூடுல்ஸை உடைக்க வேண்டாம். நீண்ட இழையை உறிஞ்சுவதில்தான் பாதி சுகம். போட்டவுடன் கிளறவும் வேண்டாம். ஒரு நிமிடம் அப்படியே விட்டு, கட்டியைத் திருப்பிப் போட்டு, அது தானாக இளகிய பிறகு குச்சியால் பிரித்துவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே தூளைச் சேர்க்க வேண்டும்; கொதியில் போட்டால் மிசோ என்ற சோயா விழுதின் மணமும் எள்ளின் மணமும் ஆவியோடு போய்விடும். கொரியாவில் முறை வேறு. 1986இல் வந்த ஷின் ராமியோன் போன்றவற்றில் மிளகாய்த்தூளும் நூடுல்ஸும் சேர்ந்தே கொதிக்க வேண்டும். அங்கே மெல்லிய மஞ்சள் நிறப் பாத்திரத்தில் காய்ச்சி, அதன் மூடியிலேயே நூடுல்ஸை எடுத்துப் போட்டு ஆற்றிச் சாப்பிடுவார்கள். எந்த பாக்கெட்டானாலும் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

முட்டைக்குக் கொஞ்சம் மெனக்கெடலாம். கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி, ஆறரை நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். ஓடு நீக்கி, சோயா சாஸும் தண்ணீரும் சம அளவு கலந்து சிறிது சர்க்கரை சேர்த்த நீரில் ஃப்ரிட்ஜுக்குள் ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அறுத்தால் வெள்ளைக்கரு ஓரத்தில் பழுப்பேறி, மஞ்சள்கரு ஜாம் பதத்தில் இருக்கும். ஒரு சாதாரண பாக்கெட்டைக் கடை ராமெனுக்கு அருகில் கொண்டுபோக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

காய்கறிக்கு சப்போரோ நகரம்தான் குரு. மிசோ ராமென் பிறந்த குளிர்ப் பிரதேசம் அது. வாணலியில் எண்ணெய் புகையும் அளவு காய்ந்ததும் பூண்டு, முட்டைக்கோஸ், முளைப்பயறு போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். நீர் விடுவதற்குள் இறக்கி ராமென் மேல் குவியுங்கள். வேகவைத்த மக்காச்சோளம் ஒரு பிடி, கடைசியாக ஒரு துண்டு வெண்ணெய். அது உருகி சூப்பின் மேல் படரும்போது முதல் வாய் குடித்துவிட வேண்டும்.

கோடையில் சூப்பே வேண்டாம். ஜப்பானில் 'அபுரா சோபா' என்று ஒரு வகை உண்டு. நூடுல்ஸை வேகவைத்து நீரை முழுக்க வடித்து, கிண்ணத்தில் பாதித் தூள், ஒரு கரண்டி சோயா சாஸ், அரைக் கரண்டி வினிகர், எள்ளெண்ணெய் எல்லாம் போட்டுச் சூடாகப் பிசறுவது. ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் குறை தீரும். மலேசியாவின் மாமாக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் வாணலியில் புரட்டித் தரும் மேகி கோரெங்கும் இப்படிச் சூப்பைத் துறந்த உணவுதான். அதன் காரத்துக்கு முன் பல ராமென்கள் நிற்காது.

சாப்பிடும்போது முதலில் ஆவியை முகருங்கள், பிறகு ஒரு வாய் சூப், அதன்பின் நூடுல்ஸ். சத்தமாக உறிஞ்சலாம், ஜப்பானில் அது அநாகரிகம் ஆகாது. காற்றோடு சேர்ந்து உள்ளே போகும்போது மணம் மூக்குக்கு ஏறுகிறது, சூடும் தணிகிறது. சூப்பை மட்டும் முழுவதும் குடிக்க வேண்டாம். ஜப்பானிய பாக்கெட் ஒன்றில் உப்பு 5 கிராமைத் தாண்டுவது சாதாரணம். ஒரு நாளைக்கே அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் உப்பில் பெரும் பங்கு சூப்பில்தான் இருக்கிறது. சைவர்கள் பொருள் பட்டியலைப் பார்த்தே வாங்குங்கள். காய்கறிப் படம் போட்ட பாக்கெட்டிலும் கோழி, பன்றி, மீன் சாறு இருக்கக்கூடும்.

வீட்டில் நாலு பேருக்குச் செய்வதானால் ஒரே பாத்திரத்தில் நாலு பாக்கெட் போடாதீர்கள். கொதி அடங்கி நூடுல்ஸ் பசையாகிவிடும். இரண்டிரண்டாகச் செய்யுங்கள். முட்டையும் காயும் தயாராகி, சாப்பிடுகிறவர்கள் வந்து உட்கார்ந்த பிறகே நூடுல்ஸைத் தண்ணீரில் போடுங்கள்.