முகமும் சொல்லும்: போலச்செய்தல் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

பிறர் முகத்தில் தோன்றும் உணர்ச்சியைக் காண்போர் எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினாவிற்கு உளவியலார் தரும் விடைகளுள் ஒன்று போலச்செய்தல் கொள்கை. காண்பவர், தம்மையறியாமலே, எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பைத் தம் முகத்திலும் சிறிதளவு நிகழ்த்துகிறார். அத்தசையசைவு அவருள் அவ்வுணர்ச்சியின் சாயலை எழுப்புகிறது. அச்சாயலைக் கொண்டு அவர் பிறர் உணர்ச்சியை இனங்காண்கிறார் என்பது இதன் சாரம். செருமானிய அறிஞர் தியோடோர் லிப்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வடிவம் தந்தார். இக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்படும் சோதனைகளில் சொற்கள் வகிக்கும் இடம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொள்கையின் முற்பகுதியில் ஐயமில்லை. சுவீடன் நாட்டு உளவியலார் உல்ஃப் டிம்பெர்க், 1982இல், சினமுற்ற முகங்களைக் காண்போரிடம் புருவத்தை நெரிக்கும் தசையும், மகிழ்ந்த முகங்களைக் காண்போரிடம் வாயோரத்தை உயர்த்தும் கன்னத்தசையும் இயங்குவதை மின்பதிவு வழிக் காட்டினார். 2000இல் வெளியான ஆய்வில், முகங்கள் உணரப்படாத அளவு விரைவாகக் காட்டப்பட்டபோதும் அவ்வியக்கம் நிகழ்ந்தது. எனவே போலச்செய்தல் நிகழ்கிறது. அது அறிதலுக்கு உதவுகிறதா என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் பலர்.

உதவுகிறது என்பதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது டேவிட் நீல், டான்யா சார்ட்ரண்ட் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு. முகச்சுருக்கம் நீங்கப் போடாக்ஸ் ஊசி இட்டுக்கொண்டவர்களின் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. தசையைத் தளர்த்தாத வேறொரு தோல்நிரப்பு ஊசிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் உணர்ச்சியை இனங்காண்பதில் பின்தங்கினர். முடிவு தெளிவாகவே தோன்றும். ஆயின் அளவுகோலைப் பார்க்க வேண்டும். அவர்கள் பயன்படுத்தியது சைமன் பேரன்-கோஹன் குழுவினரின் கண்வழி மனமறியும் சோதனை. 36 படங்கள், ஒவ்வொன்றிலும் கண்பகுதி மட்டும், சுற்றிலும் நான்கு சொற்கள், பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சொற்கள் எளியனவல்ல. சோதனையுடன் ஒரு சொற்பொருள் விளக்கப் பட்டியலும் சேர்த்தே வழங்கப்படுகிறது. அகராதி துணையுடன் நடத்தப்படும் சோதனை முகத்தை மட்டும் அளக்கிறது என்று கூறல் எங்ஙனம்?

இவ்விடத்தில் ஓராண்டு முன்னர், 2010இல், டேவிட் ஹாவாஸ் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வை உடன்வைத்துப் படித்தல் தகும். புருவத்தசையில் முதன்முறையாகப் போடாக்ஸ் இட்டுக்கொண்ட பெண்கள், ஊசிக்கு முன்னும் இரு வாரங்களுக்குப் பின்னும், வாக்கியங்களைப் படித்தனர். ஊசிக்குப் பின் சினத்தையும் துயரத்தையும் கூறும் வாக்கியங்களைப் படிக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. மகிழ்ச்சி கூறும் வாக்கியங்களில் அத்தாமதமில்லை. அங்கே போலச்செய்வதற்கு எந்த முகமும் இல்லை. சொல் மட்டுமே இருந்தது. அவ்வாறாயின், 2011ஆம் ஆண்டு ஆய்வில் தளர்ந்த தசை தடுத்தது படத்திலிருந்த கண்களைப் புரிந்துகொள்வதையா, சுற்றியிருந்த சொற்களைப் புரிந்துகொள்வதையா? அவ்வாய்வின் அமைப்பு இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. இரண்டு ஆய்வுகளும் அடிக்கடி ஒரே பத்தியில் ஒரே கருத்துக்குச் சான்றாக அடுக்கப்படுகின்றன. உண்மையில் முன்னது பின்னதன் முடிவைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

விடைச்சொற்களை முன்கூட்டியே தந்து தெரிவுசெய்யச் சொல்லும் முறையை ஜேம்ஸ் ரசல் 1994லேயே கடுமையாகத் திறனாய்ந்தார். தமிழாக்க முயல்வோர் அக்குறையை உடனே உணர்வர். ஆங்கிலப் பட்டியலில் எதிர்பாராமையைக் குறிக்கும் சொல்லுக்கு 'வியப்பு' என எழுதினால் பாராட்டு கலந்துவிடுகிறது. 'திடுக்கீடு' என்றால் அச்சம் கலந்துவிடுகிறது. படம் மாறவில்லை, விடை மாறுகிறது. தொல்காப்பியத்தின் இளிவரலை 'அருவருப்பு' எனப் பெயர்ப்பதும் இத்தகையதே. மூப்பும் பிணியும் அதன் நிலைக்களன்களாகக் கூறப்படுதலின் அது அருவருப்பினும் விரிந்தது. பெருமிதத்திற்கோ பெருவழக்கான அறுவகைப் பட்டியலில் இடமே இல்லை. மனவிறுக்கம் பற்றிய ஆய்வுகளில் இச்சோதனை பரவலாகப் பயன்படுகிறது என்பதை நினைக்கையில் இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. சொல்வளம் குறைந்த ஒருவர் பிறர் மனம் அறியமாட்டாதவர் எனக் கணிக்கப்படலாம்.

மறுபக்கச் சான்றையும் மறைத்தல் முறையன்று. பவுலா நீடன்தால் குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில் சொற்பட்டியல் இல்லை. ஓர் உணர்ச்சியிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறும் முகத்தைக் கண்டு, முதற்குறிப்பு மறையும் இடத்தைச் சுட்டவேண்டும். வாயில் எழுதுகோலைக் கவ்வியவர்கள் தாமதமாகச் சுட்டினர். நுண்ணிய மாற்றத்தை விரைந்து உணரப் போலச்செய்தல் உதவுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் அது இன்றியமையாததா? பிறவியிலேயே முகத்தசைகள் இயங்காத மோபியஸ் நோயினர் 37 பேரைக் கேத்லீன் போகார்ட்டும் டேவிட் மாட்சுமோட்டோவும் 2010இல் ஆராய்ந்தனர். ஏனையோரிலிருந்து அவர்கள் வேறுபடவில்லை. வேறு சில ஆய்வுகள் சிறு குறைபாடுகளைக் காட்டியுள்ளன. எனினும் தம் முகத்தில் ஒருபோதும் புன்னகைக்காதவர் பிறர் புன்னகையை அறிகின்றனர் என்பது நிற்கிறது.

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் மாந்தர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள்கோள் எளிதன்று என்கிறது. போலச்செய்தலைத் தொல்காப்பியர் முன்னுணர்ந்தார் என்று இதைக்கொண்டு எழுத எவரேனும் முற்படலாம். நூற்பாவில் அதற்கு இடமில்லை. காண்போர் பக்கத்தில் அது வைப்பது கண்ணையும் செவியையுமே. குரலும் சொல்லும் நீக்கப்பட்ட அசையாப் படங்களை வைத்து, பின்னர் சொற்களையே விடையாகக் கேட்கும் ஆய்வுமுறை, செவியை வாயிலில் நிறுத்திவிட்டுப் புறவாயில் வழியே உள்ளே விடுகிறது. போடாக்ஸ் ஆய்வை மீண்டும் செய்வோர் அதே படங்களைச் சொற்களின்றி, முகத்தோடு முகம் பொருத்தும் முறையில் கொடுத்துப் பார்க்கலாம்.