ஊர்காண் காதையில் இல்லாதவள்

முதுகலை வகுப்பில் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை நடத்திக்கொண்டிருந்தேன். கோவலன் மதுரைக்குள் நுழைகிறான். கணிகையர் வீதி, மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை என ஒவ்வொன்றாகப் பார்த்து நடக்கிறான். பல ஆண்டுகளாக நடத்தும் பகுதி. எந்த இடத்தில் மாணவிகள் குறிப்பெடுப்பார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அன்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேம், அப்ப கண்ணகி மதுரையைப் பாக்கவே இல்லையா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணகிக்கு மதுரை வேற்று நாட்டுத் தலைநகர். சோழநாட்டுப் பெண் பாண்டிய நாட்டுக்குக் கணவனுடன் நடந்தே வருகிறாள். புகாரைவிட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கால் சோர்ந்து, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் சிரித்துவிட்டு, பக்கம்தான் என்கிற தொனியில் பதில் சொல்கிறான். வழி அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊர் வந்ததும் அவளைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு அவன் மட்டும் உள்ளே போகிறான். திரும்பி வந்து நகரின் சிறப்பையும் பாண்டியனின் ஆட்சியையும் கவுந்தியடிகளிடம் சொல்கிறான். கண்ணகி அருகில் இருந்து கேட்டிருக்கக்கூடும். அவளுக்குக் கிடைத்த மதுரை அவ்வளவுதான்: கணவன் இன்னொருவருக்குச் சொன்ன மதுரை. பிறகு மாதரியின் பின்னே வாயிலைக் கடந்து ஆயர் வீட்டுக்குப் போகிறாள், சமைக்கிறாள், பரிமாறுகிறாள்.

அந்த மாணவியின் கேள்வியோடு வீட்டுக்கு வந்த இரவில்தான், சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் நேபிள்ஸ் நகருக்குப் போய்வந்தபோது எழுதிய குறிப்பேட்டை எடுத்தேன். அதே நகரில் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தையும் திரும்பப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது. குறிப்பேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

படம், ரோபர்ட்டோ ரோசெல்லினி இயக்கி 1954-இல் வெளியான 'இத்தாலியப் பயணம்'. இங்கிரிட் பெர்க்மன் கேத்தரினாகவும், ஜார்ஜ் சாண்டர்ஸ் அவள் கணவன் அலெக்ஸாகவும் நடித்தார்கள். இறந்துபோன உறவினர் விட்டுச்சென்ற ஒரு மாளிகையை விற்பதற்காக இந்த ஆங்கிலத் தம்பதி நேபிள்ஸுக்கு வருகிறார்கள். வெளியானபோது படம் ஓடவில்லை. பிரான்சின் 'கையே து சினிமா' இதழின் இளம் விமர்சகர்கள்தான், நவீன சினிமா இங்கிருந்து தொடங்குகிறது என்று கொண்டாடினார்கள்.

தொடக்கக் காட்சியில் கேத்தரின் கார் ஓட்டுகிறாள். பக்கத்தில் தூங்கி விழித்த அலெக்ஸ் எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறான். சரியாகத் தெரியவில்லை என்கிறாள். சற்று நேரத்தில் ஸ்டீயரிங் அவன் கைக்குப் போகிறது. சண்டை இல்லை, வற்புறுத்தல் இல்லை. அவன் கேட்கிறான், அவள் கொடுக்கிறாள். தம்பதியாகப் பயணம் போன பெண்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் தமக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நடப்பதாக உணர்வார்கள். எங்கள் பயணத்தில் அது போனில் இருந்த வரைபடம். அவர் அதைப் பார்த்து முன்னே நடந்தார், நான் மூன்றடி பின்னே அவர் முதுகைப் பார்த்து நடந்தேன். அவர் கொடுமைக்காரர் அல்லர். "பாத்து வாம்மா, வண்டி வருது" என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போவார். அந்த அக்கறையால்தான் முதல் மூன்று நாள் நடந்த தெருக்களில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. அவருடைய சட்டையின் நீலக் கோடுகள் நினைவில் இருக்கின்றன.

நேபிள்ஸில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. அலெக்ஸ் காப்ரித் தீவுக்குப் போய்விடுகிறான். கேத்தரின் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு நகரைப் பார்க்கக் கிளம்புகிறாள். ஸ்டீயரிங் மறுபடியும் அவள் கையில். கணவனைத் திட்டித் தனக்குள் பேசிக்கொண்டே ஓட்டுகிறாள். கார்க் கண்ணாடிக்கு வெளியே சவ ஊர்வலம், கர்ப்பிணிப் பெண்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள். தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஹெர்குலிஸ் சிலையின் முன்னால், போதையில் சாய்ந்துகிடக்கும் வனதேவனின் முன்னால் அவள் நிற்கும்போது கேமரா சிலைகளைச் சுற்றிவருகிறது. ஒரு பெண் ஆணுடலை யாருக்கும் பதில் சொல்லாமல் நின்று பார்ப்பதை 1954-இன் திரை காட்டுகிறது. உலக சினிமா நெடுங்காலம் இதற்கு எதிர்த்திசையில் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது?

ஆனால் அந்தப் பார்வையும் முழுக்க அவளுடையதாகத் தொடங்கவில்லை. சார்லஸ் என்ற இளங்கவிஞன் ஒருவன் அவளை நேசித்திருந்தான். போர்க்காலத்தில் இந்த ஊரில் இருந்தவன், இளம் வயதிலேயே இறந்துபோனான். அவன் கவிதை வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் இடம் இடமாகப் போகிறாள். கணவனின் வரைபடத்தை விட்டால் கவிஞனின் வரைபடம். கூமேயின் சிபில் குகையில், வழிகாட்டியாக வரும் கிழவர், அந்தக் காலத்தில் அழகான பெண்ணை எப்படிக் கட்டிவைத்திருப்பார்கள் என்று அவள் கைகளைப் பிடித்தே செய்து காட்டுகிறார். அவள் வெகுண்டு விலகுகிறாள். தனியே போன இடத்திலும் ஒரு ஆண் கை வருகிறது. இந்தச் சிறு காட்சியை விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை. வெளியூரில் தனியாக நடந்த பெண்ணுக்கு இது சிறு காட்சி அல்ல.

ஆனாலும் ஏதோ ஒன்று மாறுகிறது. கவிஞனின் வரிகளில் இருந்த தூய, உடலற்ற உருவங்கள் அந்த அருங்காட்சியகத்தில் இல்லை. இருப்பவை சதை திரண்ட, வெட்கமற்ற உடல்கள். வரிகளும் கல்லும் பொருந்தாத அந்த இடைவெளியில்தான் கேத்தரின் முதன்முதலாகத் தன் கண்ணால் பார்க்கிறாள் என்று நான் வாசிக்கிறேன்.

பெர்க்மனுக்கே இந்தக் கதை அந்நியமானதல்ல. ஸ்வீடனில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்றவர் ரோசெல்லினிக்காக இத்தாலிக்கு வந்தார். அதற்காக 1950-இல் அமெரிக்க செனட் சபையிலேயே அவரைப் பழித்துப் பேசினார்கள். ரோசெல்லினியையும் அங்கே பழித்தார்கள். அந்த ஆண்டே இருவரும் மணந்துகொண்டார்கள். இந்தப் படப்பிடிப்பில் நடிகர்களுக்கு முழுத் திரைக்கதை தரப்படவில்லை, வசனங்கள் அவ்வப்போதுதான் வந்தன. கணவன் இயக்க, அடுத்து எங்கே போகிறோம் என்று தெரியாமல், வேற்று மொழி நகரில் ஒரு பெண் நடக்கிறாள். கேத்தரின் முகத்தில் நாம் காணும் தவிப்பில் நடிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

படத்தின் மையம் பாம்பெய். விவாகரத்து என்ற சொல் வாயிலிருந்து விழுந்த சற்று நேரத்தில் நண்பர் ஒருவர் இருவரையும் அகழாய்வைப் பார்க்க இழுத்துப்போகிறார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்தவர்களின் உடல்கள் மக்கிப்போக, சாம்பலில் அவர்கள் வடிவத்தில் வெற்றிடம் தங்கியது. அதில் சாந்துக் கலவையை ஊற்றி வடிவத்தை மீட்கும் முறையை ஜுசெப்பே ஃபியோரெல்லி 1863-இல் கையாண்டார். படத்தில் அவ்வாறு ஓர் ஆணும் பெண்ணும் மண்ணிலிருந்து வெளிப்படுகிறார்கள். கணவன் மனைவியாக இருக்கலாம் என்கிறார்கள். கேத்தரின் அழுதபடி விலகி ஓடுகிறாள். ஆண் நோக்கு பற்றிய கோட்பாட்டை 1975-இல் முன்வைத்த லாரா மல்வி, பின்னாளில் இந்தப் படத்துக்கென ஒரு அத்தியாயமே எழுதினார். உறைந்த உடலுக்கும் சினிமாவின் உறைந்த பிம்பத்துக்கும் உள்ள உறவு அவருடைய அக்கறை. என் கேள்வி வேறு: இரண்டு உடல்கள் சேர்ந்து கிடந்தால் கணவன் மனைவி என்று யார் முடிவு செய்தது?

இந்தக் கேள்விக்கு அண்மையில் அறிவியலும் ஒரு கை கொடுத்தது. பாம்பெய் சாந்து உருவங்களின் மரபணு ஆய்வு 2024-இல் வெளியானது. பொன் வளையல் அணிந்து மடியில் குழந்தையுடன் கிடந்த ஒருவரைத் தாயும் சேயும் என்றே தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்தார்கள். அவர் ஆண். குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை. சகோதரிகள் என்றும் தாயும் மகளும் என்றும் சொல்லப்பட்ட, தழுவிக் கிடந்த இருவரில் ஒருவராவது ஆண். வளையலைக் கண்டால் பெண், குழந்தையைக் கண்டால் தாய், இருவரைக் கண்டால் குடும்பம். வெற்றிடத்தில் நாம் ஊற்றுவது சாந்தை மட்டுமல்ல.

படத்தின் முடிவில் ஒரு சமய ஊர்வலத்தில் இவர்கள் கார் மாட்டிக்கொள்கிறது. இறங்கி நிற்கும்போது கூட்டம் கேத்தரினை அடித்துச் செல்ல, அவள் கணவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அவன் ஓடி வந்து அணைத்துக்கொள்கிறான். அன்பைச் சொல்லும்படி அவள் கேட்கிறாள். சொன்னால் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உறுதி கேட்டுவிட்டுத்தான் அவன் சொல்கிறான். கேமரா அவர்களை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் நகர்கிறது. அற்புதம் நிகழ்ந்தது என்பார்கள் ஒரு சாரார். சமரசம் என்பார்கள் மறு சாரார்.

முன்பு நானும் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். இப்போது அவ்வளவு எளிதாக அந்த அணைப்பைக் கேலி செய்ய முடியவில்லை. அதற்குக் காரணம் எங்களுடைய நான்காம் நாள்.

அன்று அவருக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். நான் மட்டும் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போனேன். திரும்பும்போது பழைய நகரின் சந்துகளில் வழி தவறியது. நாலாம் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு கிழவி கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே கடைக்காரர் கூடையிலிருந்த காசை எடுத்துக்கொண்டு ரொட்டியும் எலுமிச்சையும் வைத்தார். கூடை ஏறியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு அவள் கையை விரித்து என்னவோ கேட்டாள். நான் தமிழில், "வழி தெரியல பாட்டி" என்றேன். அவள் அவளுடைய மொழியில் நீளமாகப் பதில் சொல்லி, கையால் இடது பக்கம் காட்டினாள். அது தவறான வழி. அந்தத் தவறான வழியில் இரண்டு மணி நேரம் நடந்தேன். அந்தத் தெருக்கள் அத்தனையும் இன்றும் எனக்குத் தெரியும்.

விடுதி வாசலில் அவர் காய்ச்சலோடு நின்றுகொண்டிருந்தார். "எங்க போன? போன ஏன் எடுக்கல?" அவர் குரலில் இருந்தது கோபமல்ல, பயம். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியும் பொய்யல்ல. "மன்னிச்சுக்குங்க, வழி தப்பிருச்சு" என்றேன். கூடையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தை இப்போது திறந்தபோது என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'இன்று அருங்காட்சியகம் பார்த்தோம். பழைய நகரத்தில் நடந்தோம்.' பார்த்தோம். நடந்தோம். தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். உடன் வராத ஒருவரை என் வினைமுற்றுக்குள் நானே ஏற்றி அமர்த்தியிருந்தேன். முனைவர் பட்டம் வாங்கிய, இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்ட ஒருத்தி, யாரும் கேட்காமலேயே தன்மை ஒருமையைக் கைவிட்டிருக்கிறாள். ஏன்? தனியாகப் பார்த்தேன் என்று எழுதினால், அவர் படுத்திருக்க நான் மகிழ்ந்தேன் என்று ஆகிவிடும் என்ற குற்ற உணர்வு. அதுதான் காரணம், வேறில்லை.

ஆகவே கேத்தரினின் அணைப்போடு எனக்குச் சண்டை இல்லை. வேற்றூரில் தொலைந்து திரும்புகிறவளுக்கு ஒரு தோள் வேண்டியிருக்கிறது, ஆணுக்கும்தான். என் சண்டை அணைப்புக்குப் பிந்தைய மௌனத்தோடு. கேத்தரின் கண்ட சிலைகள், குகை, பெயரற்ற மண்டையோடுகளுக்கு நடுவே குழந்தை வேண்டி மண்டியிட்ட தோழி நத்தாலியா. இவற்றில் ஒன்றைப் பற்றியும் அந்த இறுதிக் காட்சியில் அவன் ஒரு சொல் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. தம்பதி மீட்கப்படுகிறது, அவள் கண்ட நகரம் கைவிடப்படுகிறது. பயணத்தில் யார் கையில் வரைபடம் என்பதைவிட, திரும்பி வந்தபின் யார் பார்த்தது கதையாகிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

தனியே பயணம் போங்கள் என்று மாணவிகளுக்கு அறிவுரை சொல்லி முடிப்பது எளிது. கேத்தரினிடம் காரும் பணமும் இருந்தன, எனக்குக் கடவுச்சீட்டும் ஒரு காய்ச்சல் நாளும் கிடைத்தன. பக்கத்து ஊருக்குப் போகவே வீட்டில் அனுமதி கேட்க வேண்டியவர்களிடம் நான் அதைச் சொல்லமாட்டேன். எங்கே போனாலும், யாருடன் போனாலும், திரும்பி வந்து எழுதும்போது உங்கள் வினைமுற்றுகளை ஒருமுறை சரிபாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். கண்ணகி மதுரையைப் பார்த்தாள். ஊர்காண் காதையில் அல்ல, அதற்கும் பின்னே வரும் ஊர்சூழ் வரியில். கணவன் வெட்டுண்ட பிறகு, ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி, இந்த ஊரில் பெண்கள் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம் உண்டா என்று கேட்டபடி அதே தெருக்களில் அவள் நடந்தாள். அவளுக்கு ஒரு நகரத்தைப் பார்க்கக் கொடுக்க, காப்பியத்துக்கு ஒரு கொலை தேவைப்பட்டது.

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீங்க எந்த ஊர் பாத்தீங்க மேம்?"

குறிப்பேட்டில் இரண்டு சொற்களை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அன்று மாலை அந்தப் பக்கத்தை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டி கூடையில என்ன வச்சாங்க?" என்று கேட்டார்.