வீட்டிலா, குழுவிலா?

மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மையலின் உறை சிதைவதால் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். உடல் சூடேறினால் இதன் குறிகள் சற்று நேரம் மிகும். ஆகவே நோயாளிகள் உடற்பயிற்சி செய்யலாகாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு அந்த அச்சத்தைத் தளர்த்தியது.

பின்னர் வந்த இரு ஆய்வுகளைப் பாருங்கள். பின்லாந்து ஆய்வில் (2004) 3 வாரம் மறுவாழ்வு மையத்திலும் 23 வாரம் வீட்டிலும் பயிற்சி, நடைவேகம் கூடியது. துருக்கி ஆய்வில் (2013) 12 வாரம் குழுப்பயிற்சி, உடற்சமநிலை மேம்பட்டது.

இவற்றைக் கொண்டு, எது சிறந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டிலுமே ஒப்பிடப்பட்டவர்கள் அப்பயிற்சியைப் பெறாதவர்கள். வெவ்வேறு பந்தயங்களில் முதலில் வந்த இருவருள் வேகமானவர் யார் என்று கேட்பது போன்றது இது. மேலும், குழுவில் தோழமையும் உண்டு. பிழை திருத்தும் பயிற்சியாளரும் உண்டு. பயன் எதனால் வந்தது? பயிற்சி, கால அளவு, கவனிப்பு யாவும் ஒன்றாயிருந்து, இடம் மட்டும் மாறினால்தான் அது நியாயமான சோதனை.

பயணத்திலேயே களைத்துவிடும் நோயாளி, ‘குழுவே சிறந்தது’ என்ற அவசரத் தீர்ப்பைக் கேட்டால், வீட்டில் செய்யக்கூடியதையும் கைவிடுவார். எனவே ‘சிறந்தது’ என்று படிக்கும்போதெல்லாம் ‘எதைவிட?’ என்று கேளுங்கள்.