மீன் வலசையும் தற்போக்கு வகைக்கெழுச் சமன்பாடும்: சிற்றாற்றுக்குப் பொருந்துமா?

ஒரு மாற்றத்தின் உறுதியான போக்கையும் அதில் கலந்துள்ள தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து எழுதுவது தற்போக்கு வகைக்கெழுச் சமன்பாடு. இதற்கான நுண்கணிதத்தை ஜப்பானியக் கணிதவியலாளர் கியோசி இட்டோ 1940களில் உருவாக்கினார். நிதிச் சந்தையில் பெரிதும் பயன்படும் இச்சமன்பாடு மீன் வலசை ஆய்வுக்கும் வந்துள்ளது.

ஜப்பானின் நாகரா ஆற்றில், வசந்த காலத்தில் கடலிலிருந்து ஆறேறும் ஆயு மீன்கள் கழிமுகத் தடுப்பணையில் எண்ணப்படுகின்றன. இந்த எண்ணிக்கைக்கு இதேகசு யோசியோக்கா முதலிய ஆய்வாளர்கள் எழுதிய சமன்பாடுகளில் ஒன்று, 1985இல் காக்சு, இங்கர்சால், ராசு மூவரும் வட்டி வீதத்திற்காக வெளியிட்டதன் மறுவடிவம். வட்டிக்கு எழுதியது மீனுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். ஆனால் எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற தேவையை அது இயல்பாகவே நிறைவு செய்கிறது. ஆயு பகலில் ஏறுவதால், கதிரவன் எழும்போதும் மறையும்போதும் எண்ணிக்கை சுழியம் என்று கொள்கிறார்கள். மீன்கள் சீராக வராமல் திரள் திரளாக வருவதைச் சராசரி மறைத்துவிடும், இச்சமன்பாடு மறைப்பதில்லை. அதுவே இதன் பெருமை.

இதே சமன்பாட்டைச் சிற்றாற்றுக்கு எடுத்துவந்தால் சிக்கல் தொடங்குகிறது. குற்றால மலையில் பிறந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கடலில் பிறக்கும் விலாங்குக் குஞ்சு இங்கே வர, முதலில் தாமிரபரணியின் திருவைகுண்டம், மருதூர் அணைக்கட்டுகளைக் கடக்க வேண்டும். அது பெரும்பாலும் இரவில் நகர்வது. ஆகவே பகலை மட்டும் கணக்கிடும் அமைப்பு விலாங்குக்கு உதவாது.

தண்ணீரும் வேறு மாதிரி. ஜூன் முதல் சாரலில் நீர் வரும். வடகிழக்குப் பருவமழையில் மீண்டும் பெருகும். கோடையில் பல இடங்களில் மணல்தான் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வெள்ளம் திடீரெனப் பாய்ந்தது. இட்டோவின் சமன்பாட்டில் வழக்கமாக வரும் பிரௌனிய இயக்கம் எவ்வளவு நடுங்கினாலும் தொடர்ச்சியானது. இத்தகைய பாய்ச்சலை அது காட்டாது. அதற்குத் தாவல் உறுப்பு ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டும்.

எல்லைதான் எல்லாவற்றிலும் கடினம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரப் பேரருவியைக் கீழிருந்து எந்தக் கெண்டையும் ஏறாது. கணிதத்தில் அது மீனைத் திருப்பியனுப்பும் எல்லை. சிற்றாற்றின் அணைக்கட்டுகளோ அப்படியல்ல: குறைந்த நீரில் சுவர், வெள்ளத்தில் வழி. எல்லையே நீர்மட்டத்தோடு மாறுவதால், மீனுக்கு ஒரு சமன்பாடும் நீர்மட்டத்துக்கு இன்னொன்றும் எழுதி இரண்டையும் இணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மீனின் ‘விருப்பத்தை’ மட்டும் அலைவாக எழுதினால், அணைக்கட்டு செய்த தடை மீனின் தயக்கமாகப் பதிவாகும். மீன்வழி தேவையா, எந்த நேரத்தில் நீர் திறக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அப்போது தவறான விடையே கிடைக்கும்.

நாகரா ஆற்று ஆய்வாளர்களிடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிய கணக்கு இருந்தது. அதிலிருந்தே சமன்பாட்டின் கெழுக்களைக் கண்டார்கள். அத்தகைய கணக்கு இல்லாமல் சிற்றாற்று மீனுக்குக் கணினியில் வரையும் பாதை வெறும் படம். தென்காசிப் பகுதியில் ஏதேனும் ஓர் அணைக்கட்டில் ஒரு சாரல் பருவம் முழுவதும், இரவையும் விடாமல், மீன் எண்ணிக்கையையும் நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கமாகக் குறித்துவைத்தாலே முதல் மதிப்பீட்டுக்குப் போதும்.