ஹிப்ஹாப்: யாருக்குப் பெயர், யாருக்குப் பணம்

ஹிப்ஹாப் எங்கே பிறந்தது என்று கேட்டால் இன்று முகவரியோடு பதில் கிடைக்கும்: நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம், 1973 ஆகஸ்ட் 11. பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க நினைத்த சிண்டி கேம்பல், அந்தக் கட்டடத்தின் பொது அறையில் நடன விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். யோசனையும் ஏற்பாடும் தங்கையுடையவை. 'தந்தை' பட்டம் அண்ணனுக்கு.

ஹெர்க்கின் சாதனை பெரிது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர். பாடகரின் குரல் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதைக் கவனித்தார். 'பிரேக்' எனப்படும் அந்த இடத்தை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். பார்படோஸில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டின் மேல் குறியிட்டு, தாளம் பிசகாமல் அதைச் செய்துகாட்டினார். தட்டைக் கையால் தேய்த்து ஒலியெழுப்பும் ஸ்கிராட்ச், கிராண்ட் விசார்ட் தியோடரின் கொடை.

ஆய்வாளர்கள் இந்தக் கதையை வெவ்வேறு இடங்களில் தொடங்குகிறார்கள். டேவிட் டூப்பின் 'ராப் அட்டாக்' (1984) ராப்பின் வேரை ஆப்பிரிக்க வாய்மொழி மரபுவரை தேடிப் போகிறது. டிரிசியா ரோஸின் 'பிளாக் நாய்ஸ்' (1994), ஆலைகள் மூடிய நகரத்தையும் அங்கே கைக்குக் கிடைத்த கருவிகளையும் முன்னிறுத்துகிறது. ஜெஃப் சாங் 2005இல் வெளியிட்ட வரலாறு, நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்ட பிராங்க்ஸையும் ஜமைக்காவையும் சேர்த்துப் பார்க்கிறது. மூன்றுமே படிக்க வேண்டிய நூல்கள். ஆனால் தோற்றம் பற்றிய பேச்சில் பெயரும் பணமும் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பதையே நான் முதலில் கேட்பேன்.

1979இல் சில்வியா ராபின்சன் தயாரித்த 'ராப்பர்ஸ் டிலைட்' இந்த இசையை உலகெங்கும் கொண்டுசென்றது. தெருவிழாக்களில் கேட்டதைத் தட்டில் ஏற்றி விற்கத் துணிந்த அவரை வெறும் வியாபாரி என்று தள்ளுவது நியாயமில்லை. அந்தப் பாட்டில் நடந்த அநியாயம் வேறு. அதில் பிக் பேங்க் ஹாங்க் சொல்லும் வரிகளில் பெரும்பகுதி, பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது. காஸ் தன் மேடைப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம்கூட மாறாமல் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் பாடலாசிரியர் வரிசையில் காஸ் இல்லை. பின்னணி இசைக்கு மூலமான 'குட் டைம்ஸ்' பாட்டின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் சட்டத்தைக் காட்டியதும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். அவர்களிடம் பதிப்புரிமை இருந்தது. காஸிடம் ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

அந்த நோட்டுப் புத்தகம்கூட இல்லாதவர்கள் டிரம்மர்கள். ஹெர்க் விரும்பி ஓட்டிய 'அப்பாச்சி' தட்டில் ஒலிப்பவை ஜிம் கார்டனின் டிரம்ஸும் கிங் எரிசனின் பாங்கோவும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970) பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த தாளத்தைப் பிறகு எண்ணற்ற ராப் பாடல்கள் எடுத்தாண்டன. பப்ளிக் எனிமி குழுவும் எடுத்தது. பாட்டை எழுதியவர் என்று பதிவானது பிரவுனின் பெயர். மெட்டையும் வரிகளையும் படைப்பாக ஏற்கும் பதிப்புரிமை நடைமுறை, ஒரு கை புதிதாகக் கண்டுபிடித்த தாளத்தை அன்றைய கூலிவேலையாகவே கணக்கிட்டது. 2017இல் ஸ்டபிள்ஃபீல்ட் இறந்தார்.

'ஆமென், பிரதர்' (1969) தட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சுமார் 6 நொடி பிரேக் ஹிப்ஹாப்பைத் தாண்டி இங்கிலாந்தின் 'ஜங்கிள்' எனும் நடன இசைக்கே அடித்தளமானது. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்ட், அந்தத் தட்டைப் பதிவுசெய்த குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

இவர்களை 'மூலப்பொருள்' தந்தவர்கள் என்று ஒதுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஹெர்க் கண்டறிந்தது இவர்களுடைய வாசிப்பின் உச்சத்தை. ஆட்டக்காரர்கள் காத்திருந்ததும் அதற்காகவே. பிறப்பிடத்துக்கு முகவரியும் தேதியும் குறித்திருக்கும் வரலாற்றில், எரிசன், ஸ்டபிள்ஃபீல்ட், கோல்மன் பெயர்கள் ஹெர்க், ஃபிளாஷ் பெயர்கள் வரும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். சிண்டியின் பெயர் முதல் வரியில்.