ஒலிபெருக்கி காத்தது, செயலி கணக்கெடுத்தது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் சிறு பட்டறைக்காரர் இன்று சரக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பணத்தைச் செல்போனிலேயே வாங்கலாம். சூளைச் செலவு, நல்ல மண், மொத்த வியாபாரியின் பேரம் ஆகிய மூன்றும் அந்தப் போனுக்குள் அடங்குவதில்லை. கருவி வந்தால் வறுமை குறையும் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாடும் புதுச்சேரியும் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்துவிட்டன. அந்தச் சோதனைகளில் பிழைத்தது எது, படுத்தது எது என்று பார்க்க விருத்தாசலத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு நிதியுதவியுடன் புதுச்சேரியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். சுற்றிலும் கிராம மையங்கள். தொலைபேசி சரியாக எட்டாத இடங்களுக்கு வயர்லெஸ் கருவி வழியாகச் செய்தி போனது. மின்வெட்டுக்குச் சூரிய மின்தகடு துணை. மையங்களை நடத்தியவர்களில் உள்ளூர்ப் பெண்கள் கணிசம். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு மிகவும் பயன்பட்டது அமெரிக்கக் கடற்படை இணையதளம் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பு. அதை இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பு 2004 டிசம்பர் 26 காலையில்தான் தெரிந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் மீனவக் கிராமம் நல்லவாடு. அந்த ஊர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டதும் ஊருக்குப் போன் போட்டார். ஊரார் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊரில் படகுகள் போயின, வீடுகள் போயின, உயிர் போகவில்லை. அன்றைக்கு வேலை செய்தவை ஒரு போன் அழைப்பு, ஒரு மைக், அந்த மைக்கில் வரும் குரலைப் பல ஆண்டுகளாக நம்பிப் பழகிய ஊர். இந்த மூன்றாவதைத்தான் எந்த டெண்டரிலும் வாங்க முடியாது. நன்கொடை நிற்கும் நாளில் இப்படிப்பட்ட மையத்துக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி மட்டும் தொடக்கத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001இல் தொடங்கிய 'சாரி' திட்டம் அந்தக் கேள்விக்கு வேறு விடை சொன்னது. சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராமங்களுக்கு இணைய இணைப்பு. மையத்தை நடத்துபவர் உள்ளூர்த் தொழில்முனைவர். கட்டணத்தில் அவர் பிழைத்துக்கொள்ள வேண்டும். தானம் இல்லை, வியாபாரம். சில காலம் நன்றாகவே ஓடியது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் தாலுகா அலுவலகம்வரை அலையாமல் மனுப் போட்டார்கள்.

ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. மனு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது, பதில் வரவில்லை. பதில் வராத மனுவுக்கு யார் காசு கொடுப்பார்? மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் இந்த மையங்களைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வுகள், பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதைப் பதிவு செய்தன. மையத்துக்கு வந்தவர்களில் இளைஞர்களும் மாணவர்களும் அதிகம் என்பதும் அவற்றில் தெரிந்தது. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டரின் வேகத்தைவிடப் பெரிய விஷயம். தலித் மக்கள் தயங்காமல் நுழையக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்று புதுச்சேரித் திட்டம் முன்கூட்டியே நிபந்தனை போட்டது சும்மா இல்லை.

திட்டமே இல்லாமல் கருவி மட்டும் வந்து பலன் தந்த கதையும் உண்டு. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரைக்குச் செல்போன் வந்தது. எந்தத் துறையில் விலை கூடுதல் என்று கடலிலிருந்தே கேட்டுப் படகைத் திருப்பினார்கள் மத்தி மீனவர்கள். அவர்களுடைய லாபம் சராசரியாக 8 விழுக்காடு ஏறியதாகவும், வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியதாகவும் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் கணக்கிட்டார். யாருக்கும் நஷ்டமில்லாத அபூர்வக் கணக்கு. ஆனால் படகைத் திருப்பும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்ட முந்திரி விவசாயிக்கோ பொம்மைப் பட்டறைக்கோ அடுத்த ஊர் விலை தெரிந்து என்ன ஆகப்போகிறது? சரக்கு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. அங்கே தேவை விலைச் செய்தியைவிடக் குறைந்த வட்டிக் கடன்.

கருவி எதிர்ப்பக்கம் திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும் புகைப்படம். சிக்னல் இல்லாவிட்டாலும் படம் ஏறாவிட்டாலும் ஆபத்து வேலை செய்தவரின் கூலிக்குத்தான். மோசடியாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது: சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏற்றப்படுகின்றன, ஆட்களை வைத்துச் சரிபாருங்கள். ஏய்க்கத் தெரிந்தவர் செயலியையும் ஏய்த்தார். மண் சுமந்தவர் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை கேமரா முன் நின்றார்.

ஏழைக்குச் செய்தி கொண்டுபோன கருவி பிழைத்திருக்கிறது. ஏழையைக் கண்காணிக்க வந்த கருவி அவர் கூலியில் கைவைத்திருக்கிறது. விருத்தாசலத்துப் பட்டறைகளுக்கென்று நாளை ஒரு விற்பனைத் தளமோ செயலியோ வரலாம். அதைக் கொண்டுவரும் அதிகாரிகள் திறப்பு விழாவுக்கு முன்பே, அதில் வரும் புகாருக்கு யார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்பதைத் தொழிற்பேட்டை வாசலில் எழுதி ஒட்டட்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளத்தையும் ஒதுக்கட்டும்.