மலைப்பாட்டும் ஏட்டுப்பாட்டும்

நாட்டார் பாடலைத் தொகுப்பவர் எவராயினும் அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பாடியவரின் சொல்லை ஏட்டில் வைத்தாரா, அன்றிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டாரா என்பதே அது. அல்ஜீரியாவின் ஜுர்ஜுரா மலைநாட்டில் வாழும் கபாயில் மக்களின் பாடல் தொகுப்புகள் மூன்றினை இவ்வுரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

'கபீலா' எனும் அரபுச் சொல்லின் பன்மையே 'கபாயில்'. பெயர் அரபு, அம்மக்களின் தாய்மொழியோ பர்பர் மொழிகளுள் ஒன்று. ஸாவியாக்களில் அரபு ஓதிய அவர்கள், அடுப்பங்கரையில் தாய்மொழியிலேயே கதை கேட்டனர். கதை சொல்வோர் பெரும்பாலும் மூதாட்டியர். பகலில் கதை சொன்னால் பிள்ளைகளின் தலை வழுக்கையாகிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. இதனை நகைத்து ஒதுக்க வேண்டுவதில்லை. உழைப்புக்குரிய பகலைக் கதை விழுங்காதிருக்க முன்னோர் இட்ட வேலி எனவே நாம் கொள்கிறோம்.

முதல் தொகுப்பு 1867இல் வெளிவந்தது. தொகுத்தவர் ஹனோட்டோ எனும் பிரெஞ்சுப் படை அதிகாரி. பிரெஞ்சுப் படை அம்மலைநாட்டை அடக்கியது 1857இல். பத்தே ஆண்டுகளில் நூல் வந்துவிட்டது. ஆளப்படுவோரை அறிய விழையும் ஆள்வோரின் நோக்கம் அதில் உண்டு. ஆயினும் மூலப் பாடலையும் மொழிபெயர்ப்பையும் அவர் சேர்த்தே அச்சிட்டார். படையெடுப்பைப் பற்றிய பாடல்களையும் விலக்கினாரில்லை.

இரண்டாவது, 1939இல் கவிஞர் ழான் அம்ரூஷ் வெளியிட்ட தொகுப்பு. பாடல்களைத் தந்தவர் அவருடைய அன்னை ஃபத்மா. கிறிஸ்தவம் தழுவி, மலையை விட்டுத் தூனிஸ் நகரில் குடியேறிய குடும்பம் அது. அந்நிய மண்ணில் அன்னையின் பாடலே அவர்களுக்கு எஞ்சிய மூதாதையர் சொத்து. அன்னையின் குரலைப் போற்றி மகன் எழுதிய முன்னுரை நெஞ்சை உருக்குவது. ஆனால் நூலில் இருப்பது பிரெஞ்சு மட்டுமே! குரலைப் போற்றியவர் அக்குரலின் மொழியை வெளியே நிறுத்திவிட்டார். மூலம் உடன்சேர்ந்த பதிப்பு வர 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நிய அதிகாரி செய்ததை அன்புமகன் செய்யவில்லை என்பதே நம் குறை.

மூன்றாவது, மவ்லூத் மம்மரியின் பழங்காலக் கபாயில் கவிதைத் தொகுப்பு (1980). அன்பும் மூலமும் ஒருங்கே அமைந்த நூல் இது. மூன்றனுள் முதலிடம் இதற்கே. அதுபற்றித் தீஸி உஸூ பல்கலைக்கழகத்தில் 1980 மார்ச் 10ஆம் நாள் அவர் ஆற்றவிருந்த உரைக்கு அதிகாரிகள் தடை விதித்தனர். மாணவர் கொதித்தெழுந்தனர், மலைநாடே கிளர்ந்தது. அம்மொழி 2002இல் தேசிய மொழியாகவும் 2016இல் ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது.

அரபு மயமாக்கல் அரசின் கொள்கையாயிருந்த காலத்தில் எழுந்த தடை அது. அரபு கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட நாம் துணிந்து கூறுவோம்: அரபுக்கு இத்தகைய காவல் தேவையில்லை. மொழிகளின் வேற்றுமை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றென அர்ரூம் அத்தியாயம் அறிவிக்கவில்லையா? 1905இல் மறைந்த மலைக்கவிஞர் ஸி முஹந்த் ஸாவியாவில் ஓதியவர். 'ஸி' என்பதே கற்றோர்க்குரிய அடைமொழி. அவர் பாடியதோ தாய்மொழியில்!

பாட்டியரின் பாடலை ஏட்டில் ஏற்ற முனைவோர், அவர்கள் வாய்ச்சொல்லை முதலில் எழுதுக. விளக்கம் பின்னர் வரட்டும்.